உப்பும் உரிமையும்

"நோயற்ற வாழ்வே குறைவற்ற செல்வம்" என்று வாய் ஓயாது ஓதும் இனம் நம்முடையது. ஓதியவாறு ஒழுகுகின்றோமா என்பதை அறிய வேண்டுவோர் கண்டி தேசிய வைத்தியசாலையின் முன்றிலிலோ, பேராதனைப் போதனா வைத்தியசாலையின் முன்றிலிலோ ஒரு நாட்காலை நின்று நோக்குதல் போதும். கலஹாவிலிருந்தும் தெல்தோட்டையிலிருந்தும் புசல்லாவையிலிருந்தும் பன்விலையிலிருந்தும் முதல் பஸ்ஸில் ஏறி வந்தோர், கையில் கிளினிக் கொப்பியும் ஒரு துணிப்பையுமாக வரிசையில் நிற்பர். அவ்வரிசையில் ஆசிரியரும் உளர், கணக்காளரும் உளர், கடை முதலாளியும் உளர், கொழுந்து பறிக்கும் தாயும் உளர், மரக்கறி பயிரிடும் உழவரும் உளர். அவர்களுட் பலருக்குக் காய்ச்சலில்லை, காயமில்லை, வலியென்று சொல்லவும் ஒன்றுமில்லை. ஆயினும் அவர்கள் நோயாளர். ஓசையின்றி உடலிற் குடியேறிப் பல்லாண்டு பதுங்கியிருந்து, ஒரு நாள் பக்கவாதமாகவோ மாரடைப்பாகவோ வெளிப்படும் உயர் இரத்த அழுத்தத்தின் பிடியில் அகப்பட்டோர்.

இந்நோய் எத்துணை பரந்தது என்பதை எண்ணிப் பார்ப்போர் திடுக்கிடுவர். உலகில் 30 வயதுக்கும் 79 வயதுக்கும் இடைப்பட்டோருள் ஏறத்தாழ 128 கோடி மக்களை இது பற்றியுள்ளது என்று உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டது. அவர்களுட் கிட்டத்தட்டப் பாதிப்பேர் தமக்கு நோயுண்டு என்பதையே அறியார். நோயை அடக்கி வைத்திருப்போர் ஐவரில் ஒருவரே. நமது இலங்கையில் 2021ஆம் ஆண்டு நடாத்தப்பெற்ற தேசிய ஆய்வு, வளர்ந்தோரில் ஏறத்தாழ மூவரில் ஒருவருக்கு இரத்த அழுத்தம் மிகுந்துள்ளது எனக் கண்டது. ஒரு வீட்டில் மூவர் இருந்து உண்டால் அவருள் ஒருவர் நோயாளர் என்பது இதன் பொருள். இதனைப் பிறர் வீட்டுச் செய்தி என்று எவர் ஒதுக்கிவிட முடியும்?

"இது பணக்காரரின் நோய், உழைப்பவனை அண்டாது" என்று நம்மவர் பலர் இன்றும் நம்புகின்றனர். இது பெரும் பிழை. நாற்காலியில் நாள் முழுதும் அமர்ந்து, நடையை மறந்து, இடைவேளைக்கு இடைவேளை ரோல்ஸும் வடையும் உண்ணும் உத்தியோகத்தருக்கு உடல் பருக்கின்றது என்பது உண்மையே. ஆனால் மலைச்சரிவில் ஏறி இறங்கும் உழைப்பாளியையும் நோய் விட்டு வைப்பதில்லை. காலையில் ரொட்டியும் உறைப்பும் உப்பும் மிகுந்த சம்பலும், பகலிற் சோறும் கருவாடும், இரவில் மீண்டும் அதுவே என்றால், உழைப்பு ஒருபுறம் செய்யும் நன்மையை உப்பு மறுபுறம் அழித்துவிடுகின்றது. நாளொன்றுக்கு ஆறு கோப்பைப் பிளேன்டீ, கோப்பைக்கு இரண்டு கரண்டிச் சீனி என்று கணக்கிட்டுப் பாருங்கள். சோற்றுக்கும் ரொட்டிக்கும் மேலாக ஏறத்தாழ ஐம்பது கிராம் சீனி உடலிற் சேர்கின்றது.

உடற்பருமனுக்கும் இரத்த அழுத்தத்துக்கும் உள்ள உறவை ஈண்டு விளக்குதல் தகும். உடல் பருக்குந்தோறும் இருதயம் மிகுதியான இரத்தத்தை உந்த வேண்டியதாகின்றது. வயிற்றைச் சுற்றிச் சேரும் கொழுப்பு சிறுநீரகத்தின் தொழிலை மாற்றி, வெளியேற வேண்டிய உப்பை உடலிலேயே நிறுத்துகின்றது. உப்பு நின்றால் நீரும் நிற்கும். நீர் நின்றால் அழுத்தம் ஏறும். இதன் மறுதலையும் உண்மை. உடல் நிறையில் ஒரு கிலோ குறையுமாயின் அழுத்தத்தில் ஏறத்தாழ ஓர் அலகு குறைகின்றது என்பது பல ஆய்வுகளைத் தொகுத்து நோக்கியோர் கண்ட முடிவு. மேலும், தெற்காசியராகிய நமக்கு ஐரோப்பியரின் அளவுகோல் பொருந்தாது. ஆணின் இடைச்சுற்று 90 சென்ரிமீற்றரையும் பெண்ணின் இடைச்சுற்று 80 சென்ரிமீற்றரையும் கடக்குமாயின் அதுவே எச்சரிக்கை. "நான் அவ்வளவு பருமனில்லையே" என்று கண்ணாடி முன் நின்று ஆறுதல் கொள்வோர் ஓர் அளவு நாடாவை எடுத்து அளந்து பார்ப்பாராக.

இந்நிலையில், உலகின் பல பாகங்களில் ஒரு புதிய முறை கையாளப்பட்டு வருகின்றது. உடல் பருத்து, இரத்த அழுத்தமும் மிகுந்தோருக்கு இணையத்தின் வாயிலாகப் பாடம் நடாத்தும் முறையே அது. நோயாளர் வீட்டிலிருந்தவாறே கணினியிலோ கைத்தொலைபேசியிலோ வாரத்துக்கு ஒரு பாடமாகப் படிக்கின்றனர். எதனை உண்பது, எவ்வளவு உண்பது, எப்படி நடப்பது, தவறியபோது எப்படி மீள்வது என்பன படிப்படியாகக் கற்பிக்கப்படுகின்றன. தம் நிறையையும் அழுத்தத்தையும் அவர்களே அளந்து பதிந்து வருகின்றனர். ஸ்பெயின் தேசத்தில் இத்தகைய மூன்று மாதப் பாடநெறி ஒன்றை 105 நோயாளரிடம் சோதித்துப் பார்த்து 2020இல் முடிவை வெளியிட்டனர். பாடத்தைப் பயின்றோரின் உடற்பருமன் குறைந்தது. உடலின் செயல்வலிமை கூடியது. குறைவு மிதமானதே, அற்புதம் ஒன்றும் நிகழவில்லை. ஆயினும் மருத்துவரின் நேரத்தைச் சிறிதும் கவராமல், செலவும் பெரிதின்றி இவ்வளவு பயன் விளையுமாயின் அதனைப் புறக்கணித்தல் அறிவுடைமையாகாது.

தமிழ்நாட்டிலும் இதற்கொப்பான முயற்சி நடந்ததுண்டு. சென்னை வைத்தியர் அம்பாடி இராமச்சந்திரன் தலைமையில், நீரிழிவின் விளிம்பில் நின்ற 537 ஆண்கள் இரு கூறாகப் பிரிக்கப்பட்டனர். ஒரு கூற்றினருக்கு உணவு, உடற்பயிற்சி பற்றிய குறுஞ்செய்திகள் இரண்டு ஆண்டுகள் கைத்தொலைபேசிக்கு இடையறாது அனுப்பப்பட்டன. மற்றக் கூற்றினர் வழமையான அறிவுரையை மட்டும் பெற்றனர். 2013இல் வெளிவந்த முடிவின்படி, செய்தி பெறாதோரில் நூற்றுக்கு 27 பேர் நீரிழிவுக்கு ஆளாயினர். செய்தி பெற்றோரில் 18 பேரே ஆளாயினர். விலையுயர்ந்த யந்திரமில்லை, வெளிநாட்டு மருந்தில்லை. இடைவிடாது நினைவூட்டிய சில வரிச் சொற்களே ஒன்பது பேரைக் காத்தன.

நம் நாட்டிலேயே நடந்த ஆய்வொன்று இவற்றிலும் பெரியது. இலங்கை, பாகிஸ்தான், வங்காளதேசம் ஆகிய மூன்று நாடுகளின் 30 கிராமப்புறங்களில், உயர் இரத்த அழுத்தமுடைய 2,645 பேரிடம் இரண்டு ஆண்டுகள் அது நடாத்தப்பெற்று, 2020இல் வெளியாயிற்று. அங்கே கற்பித்தது கைத்தொலைபேசியன்று, மனிதரே. அரச சுகாதாரப் பணியாளர்கள் வீடு தேடிச் சென்று அழுத்தத்தை அளந்தனர். உணவைப் பற்றி உரையாடினர். தேவைப்பட்டோரை வைத்தியரிடம் அனுப்பினர். வழமையான சிகிச்சை பெற்றோரைக் காட்டிலும் இவர்களின் மேல் அழுத்தம் ஐந்து அலகு மேலதிகமாகக் குறைந்தது. ஐந்து அலகு அற்பமென்று எவரும் எண்ணற்க. அவ்வளவு குறைந்தாலே மாரடைப்பு, பக்கவாதம் முதலிய பெருங்கேடுகளில் பத்தில் ஒரு பங்கு குறைகின்றது என 2021இல் தொகுத்துக் காட்டப்பட்டுள்ளது.

இம்மூன்றையும் ஒருங்கு வைத்து நோக்குவோர்க்கு ஓர் உண்மை புலனாகும். பாடம் கைத்தொலைபேசியில் வரலாம். ஆனால் அதன் பின்னே ஒரு மனிதர் நிற்றல் வேண்டும். பாடம் சுருக்கமாயிருக்கலாம், ஆனால் அது இடையறாது வருதல் வேண்டும். யாவற்றினும் மேலாக, அது கற்போனுக்கு விளங்கும் மொழியில் இருத்தல் வேண்டும். இங்கேதான் நமது குறை தொடங்குகின்றது.

கண்டியை அடுத்த ஓர் ஊரின் கிளினிக்கில் அண்மையில் நாம் கண்ட காட்சியொன்றை வாசகர் முன் வைக்கின்றோம். தோட்டத்திலிருந்து வந்த வயது முதிர்ந்த அன்னை ஒருவர், கையில் ஒரு துண்டுப் பிரசுரத்தை வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். பின்னர் அருகிருந்த இளைஞரிடம் அதனை நீட்டி, "தம்பி, இதுல என்னாப்பா எழுதியிருக்கு?" என்று வினவினார். அது அவர் அறியாத மொழியில் அச்சிடப்பட்டிருந்தது. இளைஞர் வாசித்துத் தமிழிற் சொன்னார்: உப்பைக் குறைக்க வேண்டும்; கருவாடும் ஊறுகாயும் தவிர்க்க வேண்டும்; மாத்திரையை ஒரு நாளும் நிறுத்தலாகாது. அன்னை சற்று நேரம் வாளாவிருந்தார். "மூணு வருசமா வாறேன் தம்பி. இத யாரும் எனக்குச் சொல்லலியே" என்றார்.

சொல்லவில்லை என்பது முற்றும் சரியன்று. சொல்லியிருப்பர், அவருக்கு விளங்கவில்லை. தாதியர்மீது குறை கூறுதல் நம் நோக்கமன்று. நூற்றுக்கணக்கானோரை ஒரு காலைப்பொழுதிற் பார்த்தனுப்பும் அவர்களின் பொறுமையை நாம் போற்றுகின்றோம். ஆனால் அன்னையின் மூன்று ஆண்டுகளை யார் திருப்பிக் கொடுப்பார்? உப்பைக் குறைக்க வேண்டும் என்னும் ஒரு வாக்கியம் அவருடைய காதில் அவருடைய மொழியில் விழாமையால், மூன்று ஆண்டுகள் மாத்திரை ஒரு பக்கம் இழுக்கக் கருவாடு மறுபக்கம் இழுத்தது. இது வைத்தியக் குறைபாடு மட்டுமா? உரிமைக் குறைபாடும் அன்றோ?

1956ஆம் ஆண்டின் அரசகரும மொழிச் சட்டம் நமக்கு இழைத்த தீங்கை இங்கு விரித்துரைக்க வேண்டியதில்லை. 1987இல் அரசியலமைப்பின் 13ஆவது திருத்தம் தமிழும் அரசகரும மொழியாகும் எனப் பிரகடனஞ் செய்தது. ஏட்டில் எழுதிய சர்க்கரை இனிக்குமா? கண்டி மாவட்டத்தில், 2012ஆம் ஆண்டுக் குடிமதிப்பின்படி, தமிழரும் முஸ்லிம்களுமாக ஏறத்தாழ நான்கில் ஒருவர் தமிழ் பேசும் இனங்களைச் சேர்ந்தவர். மொழியுரிமை என்றால் பெயர்ப்பலகையும் விண்ணப்பப் படிவமும் மட்டுமே என்று நம்மிற் பலர் கருதிவிட்டனர். உயிர் காக்கும் அறிவுரையைத் தன் மொழியிற் பெறுவதினும் பெரிய மொழியுரிமை யாது? படிவம் விளங்காவிடின் ஒரு நாள் வீணாகும். வைத்தியம் விளங்காவிடின் வாழ்நாள் வீணாகும்.

அரசினர் ஒன்றும் செய்யவில்லை என்று நாம் சொல்லவில்லை. 2011ஆம் ஆண்டு முதல் நாடெங்கும் ஆரோக்கிய வாழ்க்கை முறை நிலையங்கள் திறக்கப்பட்டுள்ளன. முப்பத்தைந்து வயதைக் கடந்தோர் அங்கே சென்று நிறை, இரத்த அழுத்தம், சீனி முதலியவற்றை இலவசமாகப் பரிசோதித்துக்கொள்ளலாம். இது பாராட்டுக்குரிய ஏற்பாடே. ஆயினும் அங்கே செல்லும் ஆண்கள் மிகச் சிலர் என்பது ஆய்வாளர் பன்முறை சுட்டிய குறை. ஏன்? நிலையம் திறந்திருக்கும் வேளை உழைப்பவன் வேலையில் இருக்கும் வேளை. பிரட்டுக்கு நேரத்தில் நிற்காவிடின் ஒரு நாட்கூலி போய்விடும். கடையைப் பூட்டினால் அன்றைய வியாபாரம் போய்விடும். மரக்கறியைச் சந்தைக்கு ஏற்றாவிடின் அது வாடிவிடும். நோயில்லாதபோது நோயைத் தேடிச் செல்ல எவருக்கு ஒரு நாட் சம்பளத்தை இழக்கும் துணிவு வரும்?

இங்கேதான் இணையவழிப் பாடம் நமக்குத் துணையாகலாம். வேலை முடிந்து இரவு வீடு திரும்பியோன், அடுப்படியில் அமர்ந்து பத்து நிமிடம் கேட்கலாம். ஒருமுறை விளங்காவிடின் மறுமுறை கேட்கலாம். கணவன் கேட்கும்போது மனைவியும் கேட்பாள். சமைக்கும் கை அவளுடையதாயின் அதுவே பெரும் பயன். வைத்தியசாலை மக்களைத் தேடிச் செல்ல முடியும் என்பதற்கு நம் நாட்டிலேயே சான்றுண்டு. 2020இல் கொரோனாப் பெருந்தொற்றுக் காலத்தில் ஊரடங்கு விதிக்கப்பட்டபோது, கிளினிக் நோயாளரின் மருந்துகள் தபால்காரர் மூலம் வீடு சென்று சேர்ந்தன. தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டு 5ஆம் திகதி கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கப்பெற்ற 'மக்களைத் தேடி மருத்துவம்' என்னும் திட்டம், இரத்த அழுத்தத்துக்கும் நீரிழிவுக்கும் உரிய மருந்துகளை வீட்டு வாயிலுக்கே கொண்டு செல்கின்றது. மருந்து வீடு தேடி வரலாமாயின் அறிவுரை வரலாகாதா?

இத்திட்டத்துக்கு மறுப்புக் கூறுவோரும் உளர். "கைத்தொலைபேசியே மனிதனை அசையாது உட்கார வைத்தது, அதனிடமே உடற்பயிற்சி கேட்பதா?" என்பர். முள்ளை முள்ளால் எடுப்பது நம் முன்னோர் கண்ட வழி. "லயன்களில் எத்தனை பேரிடம் அத்தகைய தொலைபேசி உண்டு? மலைமடிப்பில் அலை கிடைக்குமா? இணையக் கட்டணம் யார் கொடுப்பது?" என்பர். இவை பொருளுடைய வினாக்கள். வீட்டில் ஒரே ஒரு நல்ல தொலைபேசி இருந்து, அதுவும் கொழும்பில் வேலை செய்யும் மகனுடன் சென்றுவிட்ட குடும்பங்கள் பல. ஆகவே இணையம் மட்டுமே போதும் என நாம் கூறவில்லை. சாதாரணத் தொலைபேசியிலும் கேட்கத்தக்க குரற்பாடமும், வாசிக்கத்தக்க குறுஞ்செய்தியும் அதனுடன் இணைதல் வேண்டும். சென்னையில் வென்றது குறுஞ்செய்தியே என்பதை மறவாதிருப்போமாக.

மற்றொரு பேராபத்தையும் சுட்டாது விடுதல் தகாது. அறிவுடைய பாடம் தமிழில் இல்லாத இடம் வெற்றிடமாய் இருப்பதில்லை. அங்கே போலிகள் புகுந்துவிட்டனர். "ஏழே நாளில் பிரஷர் பறந்துவிடும்", "இந்தப் பொடியை வாங்குங்கள், மாத்திரையை வீசுங்கள்" என்று இணையத்தில் இனிய தமிழில் முழங்குவோர்க்குக் குறைவில்லை. உண்மை தமிழறியாது தயங்கி நிற்கப் பொய் தமிழிற் சரளமாகப் பேசுகின்றது. அதனை நம்பி மாத்திரையைத் திடீரென நிறுத்துவோர் பக்கவாதத்தைத் தாமே வலிந்து அழைக்கின்றனர். போலியை வெல்லும் வழி அவனைத் திட்டுவதன்று. அவன் நிற்கும் இடத்தில், அவனினும் தெளிவான தமிழில், உண்மையை நிறுத்துவதே.

ஆகவே நமது கோரிக்கைகளைத் தெளிவாக முன்வைக்கின்றோம். முதலாவது, உயர் இரத்த அழுத்தமும் உடற்பருமனும் உடையோர்க்கான பாடநெறியொன்றைச் சுகாதார அமைச்சு சிங்களத்திலும் தமிழிலும் ஒரே வேளையில் ஆக்கி, கட்டணமின்றி வழங்குதல் வேண்டும். தமிழ்ப்பாடம் சிங்களப் பாடத்தின் உயிரற்ற பெயர்ப்பாக இருத்தலாகாது. ரொட்டியும் சம்பலும் நெத்தலியும் மாசியும் அறிந்தோரே அதனை எழுதுதல் வேண்டும். ஒலிவ் எண்ணெயும் பெரிப் பழமும் பேசும் பாடம் தெல்தோட்டைக்கு உதவாது. இரண்டாவது, அப்பாடத்தைப் பயிலும் ஒவ்வொருவருக்கும் அவ்வூர்க் குடும்பநல உத்தியோகத்தரோ தாதியோ மாதமொருமுறை தமிழிற் பேசி விசாரித்தல் வேண்டும். மூன்றாவது, ஆரோக்கிய வாழ்க்கை முறை நிலையங்கள் வாரத்தில் ஒரு நாளேனும் மாலையிலோ ஞாயிற்றுக்கிழமையிலோ திறந்திருத்தல் வேண்டும். நான்காவது, ஒவ்வொரு தோட்ட மருந்தகத்திலும் சந்தையிலும் ஆலயம், பள்ளிவாசல், பாடசாலை ஆகிய பொதுவிடங்களிலும் நம்பத்தக்க அழுத்தமானி ஒன்று வைக்கப்படுதல் வேண்டும். அளவின்றிப் பாடம் பயனற்றது.

இதற்குப் பணமெங்கே என்று வினவுவோர் 2022ஆம் ஆண்டை நினைவுகூர்வாராக. அந்நியச் செலாவணி வற்றியபோது நாடெங்கும் மருந்துகள் அருகின. அவ்வாண்டு மார்ச்சு மாதத்திற் பேராதனைப் போதனா வைத்தியசாலையில் மருந்துத் தட்டுப்பாட்டால் வழமையான சத்திரசிகிச்சைகளை இடைநிறுத்துவதாக அறிவிக்கவும் நேர்ந்தது. வெளிநாட்டு மருந்தையே நம்பியிருக்கும் தேசம் நோயைத் தடுப்பதற் செலவிடும் ஒரு ரூபாய், நோய் முற்றிய பின் செலவிடும் பல ரூபாயை மீதப்படுத்தும். உப்பைக் குறைப்பதற்கு டொலர் தேவையில்லை.

அரசை மட்டும் நோக்கிக் கை நீட்டி நிற்பது தன்மானமுள்ள மக்களுக்கு அழகன்று. கண்டியிலும் கம்பளையிலும் மாத்தளையிலும் வாழும் தமிழ் வைத்தியர்களே, ஆசிரியர்களே, கணினித் துறையினரே! பேராதனையில் 1962 முதல் வைத்திய பீடம் இயங்கி வருகின்றது. அங்கே பயின்று உயர்ந்த நம்மவர் எத்தனையோ பேர். உங்கள் அறிவின் கடன், உங்களைப் படிக்க வைக்கத் தன் இளமையை மலையில் உதிர்த்த தலைமுறைக்கு உண்டு. 1867இல் லூல்கந்துரவில் முதல் தேயிலைத் தோட்டம் எழுந்த நாள் தொட்டு, இம்மாவட்டத்தின் செல்வத்தைத் தோளிற் சுமந்தோர் அவர்கள். ஐந்து நிமிடக் குரற்பாடம் ஒன்றை நல்ல தமிழிற் பதிந்து அனுப்புவதற்கு அமைச்சரின் அனுமதி வேண்டுமா? பன்னிரண்டு வாரத்துக்குப் பன்னிரண்டு பாடம். ஒரு வைத்தியர், ஓர் ஆசிரியர், தோட்டத்துப் பேச்சறிந்த ஓர் இளைஞர் ஒன்றுகூடினால் ஒரு மாதத்தில் முடிந்துவிடும் பணி இது.

பாடம் வரும்வரை வாளாவிருக்கவும் வேண்டியதில்லை. இன்றே தொடங்கத்தக்கவை சில உள. உலக சுகாதார நிறுவனம் ஒருவர்க்கு ஒரு நாளைக்கு விதித்த உப்பின் எல்லை ஐந்து கிராம். அதாவது சமமாக நிரப்பிய ஒரு தேக்கரண்டி. ஐவர் கொண்ட குடும்பத்துக்கு மாதமொன்றுக்கு இது முக்காற் கிலோவாகும். பாணிலும் பிஸ்கட்டிலும் கருவாட்டிலும் மறைந்திருக்கும் உப்பும் அக்கணக்கினுள்ளேயே அடங்க வேண்டும். சமையலுக்கு மட்டுமே மாதம் ஒரு கிலோ உப்புப் பை தீர்ந்துவிடும் வீடு தன் நிலையைத் தானே அறிந்துகொள்ளலாம். "உப்பில்லாப் பண்டம் குப்பையிலே" என்பது பழமொழி. உப்பு மிகுந்த உடம்பு கட்டிலிலே என்பதை நாம் அதனுடன் சேர்த்துக்கொள்வோம். தேசிக்காயும் புளியும் மிளகும் இஞ்சியும் மலிந்த நம் அடுக்களையில் உப்பைக் குறைத்தும் சுவையைக் காக்கலாம். வாரந்தோறும் சிறிது சிறிதாகக் குறைத்தால் நாக்கு அதனைப் பழகிக்கொள்ளும். பொட்டாசியம் கலந்த மாற்று உப்பைச் சிலர் பரிந்துரைப்பர். சிறுநீரக நோயுடையோர் வைத்தியரைக் கேளாது அதனைத் தொடலாகாது.

சோற்றின் குவியலைக் குறைத்துக் கீரை, மரக்கறி, பயறு ஆகியவற்றைக் கூட்டுக. வல்லாரையும் பொன்னாங்காணியும் முருங்கையிலையும் குரக்கனும் நம் மண்ணில் விளைவன. தம் தோட்டத்தில் விளைந்த கரட்டையும் போஞ்சியையும் சந்தைக்கு ஏற்றிவிட்டு, வீட்டுக்குப் பிஸ்கட் வாங்கிச் செல்லும் உழவர் பெருமக்கள் சற்றே சிந்திப்பாராக. உத்தியோகத்தர்களுக்கு ஒரு சொல்: வாரத்துக்கு 150 நிமிட விரைநடை போதும். கண்டி வாவியைச் சுற்றிய பாதை சுமார் மூன்று கிலோமீற்றர். வாரத்தில் ஐந்து மாலை ஒருமுறை சுற்றி வந்தால் கணக்கு நிறைவாகும். அதற்குக் கட்டணமும் இல்லை. மொழித் தடையும் இல்லை.

அழுத்தத்தை அளப்பதற்கும் ஒரு முறையுண்டு. அளக்கும் முன் அரை மணி நேரம் தேநீரும் புகையும் தவிர்க்க. ஐந்து நிமிடம் முதுகு சாய்த்து, கால்களை நிலத்தில் ஊன்றி, பேசாது அமர்க. கை இருதயத்தின் மட்டத்தில் இருக்கட்டும். இருமுறை அளந்து திகதியுடன் கொப்பியிற் குறித்து வைக்க. மேல் அழுத்தம் 140ஐயோ கீழ் அழுத்தம் 90ஐயோ மீண்டும் மீண்டும் எட்டினால் வைத்தியரிடம் செல்க. மாத்திரை தரப்பட்டால் உண்க. நடையும் உணவும் மாத்திரைக்குத் துணையேயன்றிப் பகையல்ல. அழுத்தம் இறங்கிய பின் மாத்திரையைக் குறைப்பதா என்பதை வைத்தியரே தீர்மானிக்கட்டும். முகம் கோணினாலோ, கை சோர்ந்தாலோ, பேச்சுக் குழறினாலோ ஒரு கணமும் தாமதியாது 1990 என்னும் இலக்கத்தை அழைத்து இலவச அம்புலன்சை வரவழைக்க.

திருக்குறளில் 'மருந்து' என்னும் அதிகாரத்தைப் புரட்டிப் பார்ப்போர் வியப்புறுவர். மூலிகையின் பெயரோ சூரணத்தின் பெயரோ அங்கே ஒன்றும் இல்லை. முன் உண்டது செரித்ததா என்று அறிந்து அளவோடு உண்ணும் ஒழுக்கத்தையே அது பெரிதும் பேசுகின்றது. இன்று ஸ்பெயினிலும் சென்னையிலும் கைத்தொலைபேசி வாயிலாகப் புகட்டப்படுவதும் ஏறத்தாழ அதுவே. உலகுக்கு அதனைத் தமிழிற் சொன்ன இனத்தின் அன்னை ஒருவர், அதே அறிவுரையைத் தமிழில் வாசிக்க இயலாது ஒரு துண்டுக் காகிதத்தைப் பிறரிடம் நீட்டி நிற்பது எத்துணை வெட்கக்கேடு!

அந்த அன்னைக்குத் தமிழில் ஒரு பாடம் வேண்டும். அதன் பின்னே தமிழ் பேசும் ஒரு குரல் வேண்டும். அரசு அதனைச் செய்தல் கடமை; செய்விக்கும் வரை கேட்டல் நமது உரிமை; அதுவரை அவருக்கு வாசித்துச் சொல்லுதல் நம் ஒவ்வொருவரின் அறம். இவ்விதழை வாசித்து முடித்தோர் இன்றிரவு தம் வீட்டு உப்புச் சாடியை ஒருமுறை நோக்குவாராக. நாளை காலை, வாசிக்கத் தெரியாத அயலவர் ஒருவருக்கு அதன் அளவைச் சொல்லிக்கொடுப்பாராக. உரிமைப் போராட்டம் மேடையில் மட்டும் நடப்பதன்று; அடுக்களையிலும் நடப்பது.